80,000 பவுண்டு அழுத்தம் இருந்தா 600 கெஜத்துல எல்க் மானை அடிக்கலாமா?

குண்டூசி: அமெரிக்கத் தோட்டாக் கம்பெனி ஃபெடரல் 2025-ல விட்ட 7எம்எம் பேக்கன்ட்ரி தோட்டாவை நேத்துதான் ரேஞ்சுல சுட்டுப் பார்த்தேன். கூடு பித்தளை இல்ல, எஃகு. அதனாலதான் சுடும்போது உள்ளே எழும்புற சதுர அங்குலத்துக்கு 80,000 பவுண்டு அழுத்தத்தைத் தாங்குது. வழக்கமான மேக்னம் (அதிக மருந்து ஏத்தின வேகத் தோட்டா) எல்லாம் 65,000 பக்கத்துலயே நின்னுடும். 170 கிரெயின் (சுமார் 11 கிராம்) குண்டு, வெறும் 20 அங்குலக் குழல்ல வினாடிக்கு 3,000 அடின்னு கம்பெனி சொல்லுது. சத்தத்தைக் குறைக்கிற சப்ரசர் மாட்டினாலும் துப்பாக்கி கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்காது. 400 கெஜத்துக்கு மேல எல்க்கைச் சுடாதேங்கறது இனி பழைய பஞ்சாங்கம்.

பெரியப்பா: தம்பி, 1963-ல வந்த .300 வின்செஸ்டர் மேக்னமே 180 கிரெயின் குண்டைக் கிட்டத்தட்ட அந்த வேகத்துல தள்ளுது. நீ காசு கொடுத்து வாங்கினது 4 அங்குலம் குறைஞ்ச குழல்.

திருகாணி: இரண்டு பேரும் கிளம்பும் வேகத்தையே பிடிச்சுட்டு இருக்கீங்க. போய்ச் சேரும் வேகத்தைப் பாருங்க. 1962-ல் வந்த 7எம்எம் ரெமிங்டன் மேக்னத்துக்குக் குழலின் உள்வரி (குண்டைச் சுழல வைக்கும் சுருள் பள்ளம்) ஒன்பதரை அங்குலத்துக்கு ஒரு சுற்று. 2022-ல் ஹார்னடி கொண்டுவந்த 7எம்எம் பிஆர்சிக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. சுற்று இறுகினால்தான் நீளமான, கூர்மூக்குக் குண்டு தலைகுப்புறாமல் பறக்கும். அந்தக் குண்டு காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்காது. உண்மையான முன்னேற்றம் அதுதான். வேகத்தை மட்டும் கூட்டினால் குழல்தான் தேயும். .264 வின்செஸ்டர் மேக்னம் அதற்கே பேர் வாங்கியது.

குண்டூசி: அப்படிச் சொல்லுங்க! அப்ப 600 கெஜம் சரிதானே?

பெரியப்பா: கணக்கு போடு. 600 கெஜம்னா 1,800 அடி. உன் குண்டு போய்ச் சேர முக்கால் வினாடி. எல்க் சும்மா மேஞ்சுக்கிட்டே நடந்தாலும் அதுக்குள்ள மூணு அடி நகர்ந்துடும். பக்கவாட்டுல மணிக்கு 10 மைல் காத்து அடிச்சா குண்டு ஒன்றரை அடி தள்ளிப் போகும். குண்டு எவ்வளவு இறங்கும்னு லேசர் கருவி சொல்லிடும், பள்ளத்தாக்குக்கு நடுவுல அடிக்கிற காத்தை யார் சொல்றது?

அமெரிக்காவுல வயோமிங்ல ஒரு அக்டோபர். 520 கெஜம். என் கால்கிட்ட புல்லு இடப்பக்கம் சாயுது, எதிர்ச் சரிவுல வலப்பக்கம். கால்கிட்ட இருந்த புல்லை நம்பினேன். சுட்டு ரெண்டு நொடி கழிச்சு ‘டொப்’புனு சத்தம் வந்துச்சு, சந்தோஷப்பட்டேன். போய்ப் பார்த்தா ரத்தத்தோட பச்சையா மேய்ச்சல் கலந்திருந்தது. வயித்துல பட்டிருக்கு. இருட்டற வரைக்கும் தேடினேன், மறுநாளும் தேடினேன். கிடைக்கல.

குண்டூசி: வருத்தம்தான் பெரியப்பா. ஆனா அன்னிக்கு உங்க கையில இருந்தது பழைய குட்டைக் குண்டுதானே? புதுசா இருந்தா அவ்வளவு தள்ளியிருக்காது.

பெரியப்பா: குறைவாத்தான் தள்ளியிருக்கும், ஒத்துக்கறேன். காத்தோட திசையையே தப்பாப் படிச்சவனுக்கு எந்தத் தோட்டா உதவும்?

திருகாணி: 1887-ல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் குரோக்கெட் கிளப்ங்கற அமெரிக்க வேட்டைக்காரர் சங்கம், நெடுந்தூரம்னா இத்தனை கெஜம்னு கோடு போடலை. விலங்கு தன் புலன்களால் ஆபத்தை உணர வழியே இல்லாதபடி சுடுவது நியாயமில்லைன்னு சொல்லுது. எனக்கு அது பாதிதான் சம்மதம். 300 கெஜத்தில் படுத்துச் சுடுறவனையும்தான் எல்க் பார்க்காது. என் குழப்பம் வேற: புதுத் தோட்டா 300-ல் பிழையைக் குறைக்குது, அதே தோட்டா ஆளை 600-க்கு ஆசைப்பட வைக்குது.

குண்டூசி: ஞாயித்துக்கிழமை ரேஞ்சுக்கு வாங்க ரெண்டு பேரும். 600-ல 10 அங்குலத் தட்டு. சூடாகாத குழல், முதல் குண்டு மட்டும் கணக்கு. காத்து அடிச்சாலும் சரி.

பெரியப்பா: வரேன். ஆனா தட்டு நடக்காதே, தம்பி.