பட்டதாரிகளுக்கான ஈராண்டு நர்சிங்: எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது?

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் வசிக்கும் நான் உளவியலில் இளங்கலை முடித்தவள். இங்கே பி.எஸ்சி. நர்சிங் என்றால் நான்காண்டுகளை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால், பிற துறைப் பட்டதாரிகளை இரண்டே ஆண்டுகளில் செவிலியராக்கும் பிரிட்டனின் முதுகலைப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கவிருக்கிறேன்.

அங்கே வயது வந்தோர், குழந்தைகள், மனநலம், அறிவுத்திறன் குறைபாடு ஆகிய நான்கு பிரிவுகளில் ஒன்றை விண்ணப்பிக்கும்போதே குறிப்பிட வேண்டியிருப்பதுதான் என் சிக்கல். படித்த பாடம் மனநலத்தின் பக்கம் இழுக்கிறது. ஆனால், ஞாயிறுதோறும் தொண்டு செய்யும் முதியோர் இல்லத்தில், பக்கவாதத்தால் பேச்சிழந்த ஒரு பாட்டிக்கு ராகிக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டி, தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து, உடலைப் பேணும் வேலையில்தான் மனம் நிற்கிறது. (வீட்டில் இதை ஆயா வேலை என்கிறார்கள், அது தனிக்கதை.)

படிப்புக்குரிய 4,600 மணி நேரத்தில் பாதிவரை முந்தைய கல்வியையும் அனுபவத்தையும் கொண்டு ஈடுசெய்யலாம் என்பதால், என் தொண்டு நேரத்தை எந்த வகைச் சான்றுகளுடன் காட்டினால் ஏற்பார்கள்? மனநலப் பிரிவில் பதிவு பெற்றவர் பின்னர் பொது வார்டுக்கு மாறுவது நடைமுறையில் எவ்வளவு கடினம்? இவ்வழியில் சென்ற அக்காக்களும் அண்ணன்களும், நேர்முகத் தேர்வில் உங்களிடம் கேட்கப்பட்டவற்றையும் சேர்த்து எழுதினால் பேருதவியாக இருக்கும்.