தூண்டாத டி செல்களிலும் சிடி69 ஒளிர்வது ஏன்? வழிகாட்டல் தேவை

வணக்கம். சென்னையில் முனைவர் பட்ட ஆய்வுக்காக, சுண்டெலி மண்ணீரலிலிருந்து பிரித்த டி செல்களை (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களை), தட்டில் பூசிய 145-2சி11 என்னும் சிடி3 எதிர்ப்பொருளால் தூண்டி, சில மணி நேரத்திலேயே தலைகாட்டும் சிடி69, அதன்பின் ஏறும் சிடி25 என்னும் தூண்டலைக் காட்டும் மேற்பரப்புப் புரதங்களை ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (ஒளிரும் சாயமிட்ட செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் முறையில்) அளந்து வருகிறேன். தூண்டாத குழியிலும் சிடி69 தெளிவாக ஒளிர்வதுதான் சிக்கல். 2.4ஜி2 என்னும் எதிர்ப்பொருள் கொண்டு, எதிர்ப்பொருள்களின் வால்பகுதியைப் பற்றும் எஃப்சி ஏற்பிகளை அடைத்தாயிற்று. இறந்த செல்களையும் சாயமிட்டு விலக்கியாயிற்று. தூண்டும் எதிர்ப்பொருளும் சிடி69-ஐக் காட்டும் எச்1.2எஃப்3 எதிர்ப்பொருளும் ஆர்மீனிய வெள்ளெலியிலிருந்து வந்தவை என்பதால், இரண்டையும் பற்றிவிடக்கூடிய இரண்டாம் எதிர்ப்பொருளை அறவே தவிர்த்துவிட்டேன். மண்ணீரலைச் சல்லடையில் அழுத்தித் தேய்ப்பதே செல்களை உசுப்பிவிடுகிறதோ என்று ஐயப்படுகிறேன். இதற்காக இன்னொரு விலங்கை வீணாக்க மனமில்லை. ஆகவே, அனுபவமுள்ளவர்கள் அடுத்த சோதனைக்கு முன் வழிகாட்ட வேண்டுகிறேன். கிண்டி, தரமணிப் பக்கம் யாரிடமேனும் பொருத்தமான ஐசோடைப் கன்ட்ரோல் (அதே வகையைச் சேர்ந்த, ஆனால் சிடி69-ஐப் பற்றாத ஒப்பீட்டு எதிர்ப்பொருள்) சிறிதளவு இருந்தால், ஐஸ் பெட்டியுடன் நேரில் வந்து பெற்றுக்கொள்வேன்.