மறு: செல் சந்திப்பா, இணைப்பா, பொருத்தா? (எண்டோமெட்ரியோசிஸ் கட்டுரைக்கான கலைச்சொற்கள்)

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். எண்டோமெட்ரியோசிஸ் நோயில் செல்களை ஒன்றோடொன்று பிணைத்துவைக்கும் புரதங்களின் பங்கு பற்றிய கட்டுரையில், அடுத்தடுத்த செல்கள் பிணைந்திருக்கும் அமைப்பைக் (cell junction) குறிக்க இதுவரை செல் சந்திப்பு, செல் இணைப்பு, கலச்சந்தி என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான்காவதாகப் 'பொருத்து' என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணத்தை நோயிலிருந்தே தொடங்குகிறேன். பாடநூல் படத்தில் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதுவதற்கு இந்த மூன்றில் எதுவும் போதும். அந்த அமைப்பு தளர்கிறது, இடம் மாறுகிறது, மீண்டும் உருவாகிறது என்று நோயின் கதையை எழுதத் தொடங்கும்போதுதான் சொல்லின் வலு தெரியவரும்.

கருப்பையின் அகப்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் வயிற்றறையின் உள்ளுறையிலும் குடலின் மேலும் வேர்கொண்டு வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. மாதவிடாயின்போது உதிரும் திசுவில் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் விழுகிறது என்ற விளக்கத்தை 1920களில் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் முன்வைத்தார். ஆனால் இந்தப் பின்னொழுக்கு பெரும்பாலான பெண்களுக்கு நிகழ்கிறது. நோயோ அவர்களில் சிலருக்கே வருகிறது. உதிர்ந்து விழுந்த செல் எப்படிப் பிழைத்தது, எப்படி ஒட்டிக்கொண்டது, எப்படி உள்ளே புகுந்தது என்ற கேள்விகள் அங்கிருந்துதான் எழுகின்றன. செல்களுக்கு இடையிலான புரதங்கள் ஆய்வுக்கு வந்ததும் அதனால்தான்.

> 'சந்திப்பு' மாணவர்களுக்குப் பழகிவிட்டது, ஐயா. புதிய சொல் எதற்கு?

பழக்கத்தின் மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் சந்திப்பு என்றால் இருவர் கூடிப் பேசிவிட்டுப் பிரிவது. இரு பாதைகள் கூடும் இடம். பிடித்து நிறுத்தும் வலு அந்தச் சொல்லில் இல்லை. "சந்திப்பு தளர்ந்தது" என்று எழுதிப் பாருங்கள், பொருள் கைக்கு வராது. 'இணைப்பு' இதைவிட மேல். ஆனால் மின்னிணைப்பு, வலை இணைப்பு, இணைப்புத் திசு என்று அது எல்லா இடத்திலும் புகுந்துவிட்டது. குறிப்பாக 'இணைப்புத் திசு' உயிரியலில் வேறொன்றைக் குறிப்பதால், 'இணைப்புப் புரதம்' என்றதும் வாசகர் அந்தத் திசுவின் புரதமான கொலாஜனை நினைத்துவிடுவார். 'மூட்டு' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். 'மூட்டுப் புரதம்' என்றால் முழங்கால் வலிக்கான மருந்து போலத் தோன்றும்.

'பொருத்து' பழைய சொல். உடலின் கணுக்களையும் எலும்புகள் கூடும் இடங்களையும் பொருத்துகள் என்றே சொல்லி வந்திருக்கிறோம். இரண்டு தனிப்பொருள்கள் தம் தனித்தன்மையை இழக்காமல் ஒன்றாக நிற்பது அதன் உட்பொருள். அடுத்தடுத்த செல்களின் நிலையும் அதுதான்: படலங்கள் கலந்துவிடுவதில்லை, ஆனால் விலகவும் முடியாது. செல் என்று எழுதுவோர் செல்பொருத்து எனலாம், ஈழத்து நண்பர்கள் கலப்பொருத்து எனலாம். முன்னொட்டில் வேறுபட்டாலும் தலைச்சொல் ஒன்றாக இருக்கும். எனக்கு இது பெரிய வசதியாகத் தெரிகிறது.

இனி வகைகள். 1963இல் செல் உயிரியலாளர்கள் ஃபார்குவாரும் பலேடும் மின்னணு நுண்ணோக்கியில் எபிதீலிய செல்களின் (உறுப்புகளின் பரப்பை அடுக்காக மூடும் செல்களின்) பக்கவாட்டைப் பார்த்து வைத்த இலத்தீன் பெயர்களைத் தமிழில் சொன்னால்: அடைக்கும் கச்சை, பற்றும் கச்சை, பற்றும் பொட்டு. வடிவமும் வேலையும் சேர்ந்த பெயர்கள். முதலாவதற்கு இன்று வழங்கும் 'இறுக்கமான சந்திப்பு' ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு; அது எவ்வளவு இறுக்கம் என்கிறது, எதற்கு இறுக்கம் என்று சொல்வதில்லை. நாம் வேலையைப் பிடித்துக்கொள்வோம். என் பரிந்துரை: அடைபொருத்து (tight junction), பற்றுபொருத்து (adherens junction), பொட்டுப்பொருத்து (desmosome), இவற்றோடு நான்காவதாகப் புழைப்பொருத்து (gap junction). முதல் இரண்டும் வினைத்தொகை என்பதால் அவற்றில் வலி மிகாது. தட்டச்சும்போது தயவுசெய்து ஒற்றுப் போட்டுவிட வேண்டாம்.

பற்றுபொருத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நோயின் மையம் இங்கேதான் என்பது என் எண்ணம். இதில் நிற்கும் முதன்மைப் புரதம் ஈ-கேதரின். கால்சியம் இருந்தால்தான் இது பக்கத்துச் செல்லின் கேதரினைப் பற்றும். அந்தத் தன்மையை வைத்தே அதற்குப் பெயர் வந்தது. செல்லுக்குள்ளே பீட்டா-கேட்டனின் முதலிய புரதங்கள் அதைச் செல்லின் உட்சட்டகமான ஆக்டின் இழைகளோடு கட்டுகின்றன. ஈ-கேதரின் குறைந்து அதே குடும்பத்தைச் சேர்ந்த என்-கேதரின் கூடும்போது எபிதீலிய செல் ஓரிடத்தில் நிற்கும் இயல்பைத் தளர்த்தி, நகர்ந்து ஊடுருவும் இயல்பைப் பெறுகிறது. எண்டோமெட்ரியோசிஸ் புண்களிலிருந்து (கருப்பைக்கு வெளியே வேர்கொண்ட திசுத் திட்டுகளிலிருந்து) எடுத்த செல்களில், ஈ-கேதரின் இல்லாதவை ஊடுருவும் தன்மை கொண்டவையாக இருந்ததை ஆய்வகச் சோதனைகள் காட்டின.

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை பாதி உண்மையைத்தான் சொல்லும். வயிற்றறையில் வேர்கொண்ட புண்ணை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒழுங்கான சுரப்பிகள் தெரிகின்றன. பற்றுதலை முழுவதும் கைவிட்ட செல்கள் சுரப்பி அமைக்க முடியாது. ஆகவே பொருத்து ஒரு கட்டத்தில் தளர்கிறது, குடியேறியபின் மீண்டும் அமைகிறது என்றோ, எப்போதுமே ஓரளவுதான் தளர்கிறது என்றோ கொள்ள வேண்டியிருக்கிறது. புண்ணின் வகைக்கும் வயதுக்கும் ஏற்ப ஈ-கேதரின் அளவு மாறுவதாக வந்துள்ள முடிவுகள் இதற்கு இடம் தருகின்றன. 'இழப்பு' என்ற ஒற்றைச் சொல்லால் இந்த நிலைகளை எல்லாம் மூடிவிடக் கூடாது என்பது கட்டுரை ஆசிரியருக்கு என் வேண்டுகோள். பொருத்துத் தளர்வு, பொருத்து அவிழ்வு, மறுபொருத்தம் என்று மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். தலைச்சொல்லாகச் 'சந்திப்பு' இருந்தால் இந்த மூன்றும் பிறக்கமாட்டா. ஒரு கலைச்சொல்லை நான் எடைபோடுவது, அது எத்தனை சொற்களை ஈனுகிறது என்பதைக் கொண்டே.

அடைபொருத்து, செல் அடுக்கின் மேல்விளிம்பை ஒட்டி இருப்பது. செல்களுக்கு நடுவே நீரும் அயனிகளும் கசியாமல் தடுப்பதோடு, செல்லின் மேற்புறப் படலமும் பக்கவாட்டுப் படலமும் கலந்துவிடாமல் காக்கிறது. இதன் புரதங்களான ஒக்ளூடின் 1993இலும் கிளாடின்கள் 1998இலும் ஜப்பானிய ஆய்வாளர் ஷோய்ச்சிரோ ட்சுகிடாவின் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டன. இரண்டு பெயர்களுக்கும் வேர் 'மூடு, அடை' என்று பொருள்படும் இலத்தீன் வினையே. 'அடைபொருத்து' அதோடு இயல்பாகப் பொருந்துகிறது. புண்களில் சில கிளாடின்கள் குறைந்திருப்பதாகச் சில ஆய்வுகளும், பெரிதும் அப்படியே இருப்பதாக வேறு சில ஆய்வுகளும் சொல்கின்றன. அளவு மாறாமல் இடம் மட்டும் மாறுவதும் உண்டு. கட்டுரையில் இதை ஒரு பக்கமாகச் சாய்த்து எழுதக் கூடாது.

பொட்டுப்பொருத்து என்று நான் சொல்வது டெஸ்மோசோமை. செல்லுக்குள் உள்ள கெரட்டின் இழைகளை அடுத்த செல்லின் இழைகளோடு பொட்டுப் பொட்டாகக் கட்டிவைப்பது அது.

> 'இடைவெளிச் சந்திப்பு' என்று எல்லோரும் எழுதுகிறார்களே?

எழுதுகிறார்கள். படிக்கும் மாணவர் அதை 'செல்கள் ஒட்டாமல் இடைவெளி விட்ட இடம்' என்று எடுத்துக்கொள்கிறார். உண்மை நேர்மாறானது. இரண்டு படலங்களுக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளியை ஊடறுத்து, ஒரு செல்லின் உள்ளிருந்து மற்றதன் உள்ளுக்கு வழி திறக்கும் குழாய்கள் அவை. ஆறு கானெக்சின் புரதங்கள் வளையமாகக் கூடி அரைக்குழாயாகின்றன. எதிர்ச்செல்லின் வளையத்தோடு சேர்ந்து முழுக்குழாயாகின்றன. ஏறத்தாழ 1000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரையுள்ள சிறு மூலக்கூறுகள் கடந்து போகலாம். 'புழை' என்றால் துளை, உட்குழல், ஆகவே புழைப்பொருத்து.

இந்த நோயில் புழைப்பொருத்துக்குத் தனி இடம் உண்டு. இயல்பான அகப்படலத்தின் எபிதீலியத்தில் கானெக்சின் 26உம் 32உம், அடியில் உள்ள தாங்குதிசுவில் கானெக்சின் 43உம் காணப்படுகின்றன. வெளியே வளர்ந்த புண்களின் எபிதீலியத்தில் முதல் இரண்டின் இடத்தில் 43 தோன்றுவதை 1990களிலேயே கண்டார்கள். நோயுள்ள பெண்களின் கருப்பையில் உள்ள தாங்குதிசுச் செல்களிடையே இந்த வழிப் பரிமாற்றம் குறைவதாகவும், கருவை ஏற்கத் திசு ஆயத்தமாகும் மாற்றம் அதனால் குன்றுவதாகவும் பின்னர் வந்த ஆய்வுகள் கூறின. நோயோடு சேர்ந்து வரும் கருத்தரிப்புச் சிக்கலுக்கு இது ஒரு விளக்கமாகலாம். வாசகர் இதைப் புரிந்துகொள்ள, பொருளைத் திசைதிருப்பாத பெயர் வேண்டும்.

புரதப் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கேதரின், கேட்டனின், கிளாடின், கானெக்சின் அப்படியே இருக்கட்டும். கிளாடின் குடும்பத்தில் மட்டும் இருபதுக்கு மேற்பட்டவை உண்டு; 'அடைப்பி' என்று ஆக்கினால் ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படிக்க விரும்பும் மாணவருக்கு வழி அடைபடும். நோயின் பெயருக்கும் இதே நிலைப்பாடு. 'இடமகல் கருப்பை அகப்படலம்' என்ற தொடர் அகப்படலமே இடம்பெயர்ந்தது என்று அடித்துச் சொல்கிறது. இன்றைய வரையறை 'அகப்படலத்தை ஒத்த திசு' என்ற அளவிலேயே நிற்கிறது. மருத்துவர் வாயிலிருந்து எண்டோமெட்ரியோசிஸ் என்று கேட்டுவிட்டு, கடும் வலியோடு தமிழில் தேடி வரும் பெண்ணுக்கு அந்தச் சொல்லால் நம் கட்டுரை கிடைக்க வேண்டும்.

> 'பொருத்து' ஏவல்வினை போல ஒலிக்கிறதே?

தனியாக நின்றால் ஒலிக்கலாம். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "புண்ணின் விளிம்பில் பற்றுபொருத்துகள் தளர்ந்திருந்தன, சுரப்பியின் உட்பகுதியில் அடைபொருத்துகள் சிதையாமல் இருந்தன." மயக்கம் இல்லை. கட்டு, பூட்டு, வெட்டு என்று பெயராகவும் ஏவலாகவும் நிற்கும் சொற்கள் நம்மிடம் ஏராளம்.

இன்னும் ஒரு சொல் தீரவில்லை. புரொஜெஸ்டிரோன் ஹார்மோனின் தூண்டலால் தாங்குதிசுச் செல்கள் பருத்து, கருவை ஏற்க ஆயத்தமாகும் அந்த மாற்றத்துக்குச் சுருக்கமான பெயர் வேண்டும். 'கருவேற்பு' என்றால் கரு பதிவதோடு குழம்பும். மகப்பேறு மருத்துவத்தில் இருக்கும் அம்மா அவர்களும் ஈழத்துப் பாடநூல்களைக் கையாளும் நண்பர்களும் தங்கள் வழக்கில் உள்ளதை எழுதினால், அடுத்த மடலில் அதை எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்.