புதுப்பிப்பு: ஆட்டோலிஸ்ப்பில் நிறம் மாறாத கோடுகள், தீர்ந்தது

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. ராணிப்பேட்டை தோல் ஷெட்டின் ஆட்டோகேட் வரைபடத்தில், கோடுகளைச் சிவப்பாக்க ஆட்டோலிஸ்ப்பில் (ஆட்டோகேடுக்குள் ஓடும் நிரல்மொழி) நான் எழுதிய நிரல் ஓடிய பிறகும் பாதிக் கோடுகள் சிவப்பாகவில்லை என்று கேட்டிருந்தேன். "62 இருக்கிறதா, முதலில் பாருங்கள்" என்று காட்பாடி அண்ணன் சொன்னதுதான் சரி. 62 என்பது ஒரு பொருளின் நிறத்தைக் குறிக்கும் எண். நிறம் பைலேயராக, அதாவது லேயரின் நிறத்தையே எடுப்பதாக, இருந்தால், பொருளின் விவரங்களை எடுக்கும் என்ட்கெட் தரும் பட்டியலில் 62 வரவே வராது. இல்லாததை சப்ஸ்ட் (பட்டியலில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைக்கும் கட்டளை) எப்படி மாற்றும்? பிழை எதுவும் காட்டாமல் பழைய பட்டியலையே திருப்பித் தரும், அதில்தான் இரண்டு நாள் போனது. 62 இல்லாத இடத்தில் அப்பெண்ட் போட்டு (62 . 1) சேர்த்து (1 என்றால் சிவப்பு), மாற்றத்தை வரைபடத்தில் எழுதும் என்ட்மாட் கொடுத்தேன். உடனே சிவப்பு!

எதிர்பாராதது ஒன்று: பிளாக்குக்குள் (ஒரே பொருளாகச் சேர்த்து வைத்த தொகுப்பு) இருந்த தூண்கள் மட்டும் நிறம் மாறவில்லை. பிளாக்கின் வரையறைக்குள் போய் அவற்றின் நிறத்தை, பிளாக்கின் நிறத்தையே எடுக்கும் பைபிளாக், அதாவது 0, ஆக்கினேன். அப்புறம் திரையை மறுபடி வரையும் ரீஜென் கொடுத்ததும் அவையும் மாறிவிட்டன.