ஊருணிப் பணி: வெளிநாட்டு நன்கொடையும் நீர்மட்டச் சென்சாரும் குறித்து ஆலோசனை வேண்டும்

ஊருணிக்கரை, காரைக்குடி வட்டம்
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊருணியைத் தூர்வாரி, சரிந்துவிட்ட படித்துறையைச் செப்பனிடுவதற்காக நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்தோம். புள்ளிக்கு (குடும்பத்துக்கு) இவ்வளவு என்று வரி வைத்து ஊரில் திரட்டியது போதவில்லை. மீதியைத் தருவதாகச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள பங்காளிகள் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர், நீர்மட்டத்தை அளந்து கைப்பேசிக்கு அனுப்பும் சென்சாரைப் பொருத்தினால்தான் தருவேன் என்கிறார். அந்தப் பணத்தை எவ்வழியில் வாங்குவது, சென்சார் உண்மையில் பயன்படுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வரவுசெலவு, காரைக்குடி
அறக்கட்டளைக் கணக்குகளைத் தணிக்கை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கொடுப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதைவிட, எந்த நாட்டுக் குடிமகன் என்பதே முக்கியம். இந்தியக் கடவுச்சீட்டுடன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. கடவுச்சீட்டின் நகலை மட்டும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், நம் ஊர்க்காரராகவே இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டுப் பங்களிப்புதான்.

அதைப் பெற எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். பொதுவாக அதற்கு அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருப்பதோடு, கடந்த மூன்று நிதியாண்டுகளில் அமைப்பின் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும். அவ்வளவு செலவிடாதவர்கள் குறிப்பிட்ட பணிக்கு, குறிப்பிட்ட கொடையாளரிடமிருந்து பெற முன் அனுமதி கேட்கலாம். பதிவுள்ள பெரிய அமைப்பு ஒன்றின் பெயரில் வாங்கி நமக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்படி மாற்றுவதைத் தடை செய்துவிட்டது. வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பையும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது.

படித்துறை, தேவகோட்டைப் பக்கம்
எங்கள் ஊருணியிலும் நன்கொடையாக வந்த சென்சார் ஒன்றைப் பொருத்தினோம். முதல் ஐப்பசி, கார்த்திகையில் ஒழுங்காகக் கணக்குக் காட்டியது. அடுத்த கோடையில் பேட்டரி போயிற்று, ஆண்டுச் சந்தாவைக் கட்டவும் ஆள் இல்லை. பிறகு படிக்கட்டை ஒட்டி ஒரு கல்லை நட்டு, அடிக்கு அடி வெள்ளைக்கோடு போட்டோம். எதிர்வீட்டுப் பிள்ளை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறாள்.

சென்ற ஆண்டு இரண்டு பெருமழைக்குப் பின்னும் தண்ணீர் அதே மூன்றாம் கோட்டில் நிற்பதை அந்தப் படங்களில்தான் பார்த்தோம். உடனே ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை ஒட்டி நடந்து போனோம். புதிதாகப் போட்ட சிமெண்டுச் சாலைக்கடியில் குழாய் வைக்காமலே கால்வாயை மூடியிருந்தார்கள். அப்படி நடந்து பார்க்க ஊரில் ஆள் இல்லையென்றால் எந்தக் கருவியாலும் ஊருணி நிறையாது. ஆகவே சென்சார் தருபவரிடம் மூன்று ஆண்டுப் பராமரிப்புத் தொகையையும் சேர்த்துக் கேளுங்கள். அதற்கு இசையாவிட்டால் வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடலாம்.

வரவுசெலவு, காரைக்குடி
ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். திருவிழாவில் க்யூஆர் அட்டை வைத்து வசூலித்தால் கொடுப்பவரின் பெயர், முகவரியை அன்றே நோட்டில் எழுதிவிடுங்கள். அடையாளம் இல்லாத நன்கொடை வரம்பைத் தாண்டினால் 30 விழுக்காடு வரி கட்ட நேரிடும்.

ஊருணிக்கரை, காரைக்குடி வட்டம்
இருவருக்கும் மிக்க நன்றி. பங்காளிகளிடம் குடியுரிமை விவரம் கேட்டு இன்றே எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வரத்துக்காலையும் முழுவதும் நடந்து பார்க்கப் போகிறோம்.