பலாக்கிளையும் நான்கு பலகையும்

குழு: பண்ருட்டி வீடு

சனிக்கிழமை

பெரியப்பா (காலை 7:10): காற்றில் முறிந்த பலாக்கிளை என்ன ஆயிற்று? விறகுக்குப் போட்டாயிற்றா?

அம்மா: இல்லை மாமா, உங்கள் பிள்ளை விடவில்லை. கொட்டகையில் இருக்கிற மரம் அறுக்கிற மிஷினில் பலகை போடப்போகிறானாம்.

பெரியப்பா: மரவாடிக்குக் கொண்டுபோக வேண்டியதுதானே?

நான்: போனேன் பெரியப்பா. இரண்டரை அடிக் கட்டையெல்லாம் ஏற்ற முடியாது, அதிலும் வீட்டு மரம் என்றால் உள்ளே ஆணி இருக்கும், பிளேடு போய்விடும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பெரியப்பா: சுற்றளவு?

நான்: நூல் போட்டுப் பார்த்தேன். பட்டையோடு 18 அங்குலம். அப்படியென்றால் குறுக்கே ஐந்தே முக்கால். நம் பேண்ட் சா மிஷின் ஆறு அங்குலம் வரை விழுங்கும்.

அக்கா: உருண்டைக் கட்டையை எப்படித் தள்ளுவாய்? விரல் பத்திரம்டா.

நான்: வெறும் கட்டையைக் கொடுத்தால் பிளேடு அதை உருட்டிவிடும் அக்கா, கையையும் கூடவே இழுக்கும். பிளைவுட்மேல் கட்டையை வைத்து, இரண்டு முனையிலும் பிளேடு வராத இடத்தில் ஸ்குரூ போட்டு இறுக்கிவிடுவேன். தள்ளுவது பிளைவுட்டை மட்டும்தான்.

கடலூர் மாமா: பிளைவுட் எவ்வளவு கனம்?

நான்: அரை அங்குலம்.

கடலூர் மாமா: ஐந்தே முக்காலும் அரையும் ஆறேகால். மிஷின் வாய் ஆறு.

நான்: 😐

நான்: சரி, பட்டையை உரிக்கிறேன்.

அம்மா: கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார். அரிவாளிலும் தடவு.

நான் (11:40): உரித்தாயிற்று. இப்போது சுற்றளவு 16, குறுக்கே ஐந்தும் கொஞ்சமும். எண்ணெய் தடவ மறந்துவிட்டேன். விரலெல்லாம் பிசின், இதைச் சுண்டுவிரலால் டைப் அடிக்கிறேன்.

அக்கா: 😂😂

பெரியப்பா: தானே புயல் அடித்த 2011 டிசம்பர் 30 அன்று நம் கொல்லையில் பதினோரு பலா சாய்ந்தது. எல்லாம் செங்கல் சூளைக்குப் போயிற்று. ஒரு மணைக்குக்கூடப் பலகை எடுத்துவைக்கவில்லை. தப்பியது இந்த ஒரு மரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை

கடலூர் மாமா (9:05): என்ன பிளேடு போட்டிருக்கிறாய்?

நான்: அரை அங்குல அகலம், அங்குலத்துக்கு மூன்று பல்.

கடலூர் மாமா: அதுதான் சரி. பச்சை மரத்தூள் ஈரமாக வரும். பல் நெருக்கமாக இருந்தால் தூள் வெளியே போகாமல் அடைத்துக்கொண்டு பிளேடு கோணலாக ஓடும். அவசரப்பட்டுத் தள்ளாதே. காந்தம் வைத்துப் பார்த்தாயா?

நான்: பார்த்தேன் மாமா, ஒன்றும் ஒட்டவில்லை.

நான் (10:20): [புகைப்படம்] முதல் வெட்டு, சரியாக மரத்தின் நடுப்புள்ளி வழியாக. நடு அப்படியே ஒரு பலகைக்குள் மாட்டிக்கொண்டால் காயும்போது அங்கேதான் பிளக்கும்.

அக்கா: என்னடா இது, மஞ்சள் அரைத்த அம்மி மாதிரி இருக்கிறது!

பெரியப்பா: பச்சைப் பலா அப்படித்தான். வருடம் போகப்போகச் செம்பழுப்பாகும். வீணையும் மிருதங்கமும் பார்த்ததில்லையா, எல்லாம் இதே மரம்தான்.

நான் (10:55): போச்சு. மூன்றாவது வெட்டில் கிரீச் என்று ஒரு சத்தம். பல் நாலைந்து காணோம்.

கடலூர் மாமா: ஆணியா?

நான்: [புகைப்படம்] இரண்டு அங்குல ஆழத்தில். சுற்றிலும் மரம் கறுத்துக் கிடக்கிறது.

கடலூர் மாமா: எந்தக் காந்தத்தை வைத்துப் பார்த்தாய்?

நான்: பிரிட்ஜ் கதவில் இருந்ததை…

கடலூர் மாமா: அது கரண்ட் பில்லைப் பிடிக்கிற காந்தம். பழைய ஸ்பீக்கரைப் பிரித்து அதில் இருப்பதை எடு.

அம்மா: அது துணிக்கொடி கட்ட அடித்த ஆணி. நீ பால்வாடிக்குப் போன வருஷம் நான்தான் அடித்தேன்.

அக்கா: அம்மா!! நேற்றே சொல்லியிருக்கலாமே?

அம்மா: என்னை யார் கேட்டார்கள்?

நான் (மாலை 4:30): வேறு பிளேடு மாட்டி முடித்துவிட்டேன். நான்கு பலகை தேறியது, ஒவ்வொன்றும் ஓர் அங்குலக் கனம். நடு இரண்டும் நாலரை அங்குல அகலம் வரும், ஓரத்துப் பலகை மூன்றுகூட இல்லை. அதில் ஒன்றில் ஆணி ஓட்டை.

பெரியப்பா: வெயிலில் வைத்துவிடாதே.

நான்: இல்லை பெரியப்பா. முனைகளில் மிச்சமிருந்த சுவர் பெயின்ட்டை அடித்துவிட்டேன், ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக ஓடும். பலகைக்குப் பலகை நடுவே மெல்லிய ரீப்பர் சட்டத் துண்டு வைத்து, மேலே இரண்டு செங்கல் ஏற்றி, கொட்டகை நிழலில் அடுக்கியாயிற்று.

அக்கா: எப்போது மணை கிடைக்கும்?

கடலூர் மாமா: ஓர் அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது பொதுக்கணக்கு. நம் ஊர்ச் சூட்டுக்குக் கொஞ்சம் முன்னால் காயலாம். மாதம் ஒருமுறை ஒரு பலகையை எடைபோட்டு எழுதி வை. எடை குறைவது நின்றால் இழைக்கலாம்.

நான்: நடுப்பலகை இன்று 2 கிலோ 100. சுவரில் எழுதிவிட்டேன்.

பெரியப்பா: எனக்கு ஒரு மணை.

அக்கா: எனக்கும்.

நான்: நடுப்பலகை இரண்டையும் பாதிபாதியாக அறுத்து, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் மொத்தமே இரண்டு மணைதான். அம்மாவுக்கு?

அம்மா: எனக்கு மணை வேண்டாம். அந்த ஆணியை எறிந்துவிட்டாயா? நேற்றிலிருந்து துணி காயப்போட இடமில்லை.