ஒலிபரப்பே தெரியாமல் பிபிசிக்கு வந்த ஜான் ரீத், அரசுக்குப் பணிந்தாரா?

கேள்வி:
பிபிசியின் முதல் டைரக்டர் ஜெனரல் ரீத் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்காட்லாந்து எஞ்சினியர், 1915-இல் போர்முனையில் முகத்தில் குண்டடி பட்டவர். 1922-இல் விண்ணப்பம் போட்டபோது ஒலிபரப்பு என்றால் என்னவென்றே தெரியாதாம்! அரசை எதிர்த்து நின்றவர் என்கிறார்களே, உண்மையா?

பதில்:
பாதி உண்மை. பல வருடம் வானொலியில் செய்தி வாசித்தவன் நான். 1926-இல் பிரிட்டனில் நடந்த பொது வேலைநிறுத்தத்தைப் பாருங்கள். பிபிசியை அரசே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் அப்போது நிதியமைச்சராக இருந்த சர்ச்சில். ரீத் இடம் கொடுக்கவில்லை. ஆனால் பிரதமர் பால்ட்வின் ரீத்தின் வீட்டிலிருந்தே நாட்டுக்குப் பேசினார். எதிர்க்கட்சித் தலைவர் மெக்டொனால்டுக்கு மைக் கிடைக்கவில்லை. இது இன்றும் என்னை உறுத்துகிறது.

பதில்:
சரிதான். ஆனால் அப்போது பிபிசி வெறும் தனியார் கம்பெனி. அரச சாசனத்தோடு (மன்னர் பெயரில் தரப்படும் உரிமைப் பத்திரம்) பொது கார்ப்பரேஷன் ஆனது 1927 ஜனவரியில்தான். அன்று முறைத்திருந்தால் அந்தச் சாசனமே கைநழுவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்புறம் சர்ச்சிலோடு சமாதானம் ஆனாரா?

பதில்:
இல்லை. 1940 ஜனவரியில் ரீத் தகவல் அமைச்சர். மே மாதம் சர்ச்சில் பிரதமரானார். உடனே அந்தத் துறை ரீத்திடமிருந்து போய்விட்டது.